வாசகர் கேள்வி – பதில்: பழைய மஸில் காரை வளைவில் பணியவைப்பது எப்படி?

மஸில் கார்கள் எனப்படும், பெரிய இன்ஜின் பொருத்திய பழைய அமெரிக்கக் கார்களின் சஸ்பென்ஷன் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கும் அமைப்பு) பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதத்துக்கான பதில் நீளமாக இருப்பதற்குக் காரணம், அதில் சொல்லப்படுவன பெரும்பாலும் மற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதே.

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கூப்பே உள்ளது, 289 கன அங்குல வி-8 இன்ஜின். நேர்ச்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவில் மட்டும் வண்டி படகைப்போல் சாய்கிறது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. மேடு பள்ளங்களில் ஸ்டீயரிங் தானாகவே இழுக்கிறது. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒரு மெக்கானிக். முன்பக்க டவர்களை வெட்டி எடுத்துவிட்டு, மஸ்டாங்-2 வகை சஸ்பென்ஷனையும் ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கையும் பொருத்தச் சொல்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், டிராய், மிச்சிகன்

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பாருங்கள். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான மஸ்டாங், தோற்றத்தில் புதியதாக இருந்தாலும், அடிப்பகுதியில் ஃபோர்டு ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்பக் காரின் வழிவந்தது. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள் தாங்குகின்றன. சுருள் ஸ்பிரிங் மேல் கையின்மீது அமர்ந்து, அதன் மறுமுனை இன்ஜின் அறையின் பக்கச் சுவரில் உள்ள இரும்பு டவருக்குள் முட்டி நிற்கிறது. ஆறு சிலிண்டர் இன்ஜினுடன் கடைக்குப் போய்வருவதற்கு இது போதுமானது. அதே அமைப்பின்மீது இரும்பு வி-8 ஒன்றை ஏற்றி வைத்ததில்தான் உங்கள் புகாரின் தொடக்கம் இருக்கிறது.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுவதற்கு எடை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மேல் கை பொருத்தப்பட்டிருக்கும் கோணம். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால்தான் டயரின் முழு அகலமும் சாலையில் படிந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் மஸ்டாங்கில் சக்கரமும் உடலோடு சேர்ந்து வெளிநோக்கிச் சாய்கிறது. அதனால் அதிகப் பிடிமானம் தேவைப்படும் அந்த நேரத்தில் டயர் தன் வெளி ஓரத்தின்மீது மட்டுமே நிற்கிறது. கெட்டியான ஸ்பிரிங் இந்தச் சாய்வின் அளவைக் குறைக்கலாம், அதன் திசையை மாற்றாது.

இதற்கான தீர்வு 1965லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கரோல் ஷெல்பியின் நிறுவனம் மஸ்டாங்கை ஜிடி350 என்ற பந்தயக் காராக மாற்றியபோது, மேல் கையின் உட்புற இணைப்பை டவரில் ஓர் அங்குலம் கீழே இறக்கியது. ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளரான கிளாஸ் ஆர்னிங் வகுத்த மாற்றம் அது. அதனால் சிலர் அதை ஆர்னிங் டிராப் என்றும், பெரும்பாலோர் ஷெல்பி டிராப் என்றும் அழைக்கிறார்கள். ஒவ்வொரு டவரிலும் இரண்டு புதிய துளைகள் போடவேண்டும், அவ்வளவுதான். துளையிட வேண்டிய இடத்தைக் காட்டும் அச்சுத் தகடு விற்பனைக்குக் கிடைக்கிறது. அதை வைத்தே துளையிடுங்கள், கண்ணளவில் செய்யாதீர்கள். இதன் பிறகு சக்கரம் மேலெழும்போது உள்நோக்கிச் சாயத் தொடங்கும். முன்பக்க உயரமும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் குறையும். ஓர் அங்குலத்துக்கும் மேல் இறக்கினால், கையைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தன் அசைவின் எல்லையில் முட்டத் தொடங்கும் என்பதால், அதற்குரிய ஆப்புத் தகடு இல்லாமல் அந்த ஆசை வேண்டாம். துளையிடும் செலவு ஒரு வேளை உணவகச் செலவுக்கு மேல் வராது. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள பல கிட்டுகளைவிட வளைவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் துளையிடும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன், காரை உயர்த்தி அடியில் பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்தில் ஓடிய வண்டி என்பதால், டவர்கள், முன் ஃபிரேம் தண்டவாளங்கள், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள் ஆகியவற்றில் துருவும் விரிசலும் இருக்கின்றனவா என்று சுரண்டிப் பார்க்கவேண்டும். டவரில் மேல் கை மாட்டப்பட்டிருக்கும் இடத்தைச் சுற்றி விரிசல் விடுவது இந்த வண்டிகளின் பழைய நோய். பிறகு பால் ஜாயிண்ட், சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ராடுகளின் முனைகள், கைகளின் இணைப்பில் உள்ள ரப்பர் உறைகளான புஷ்கள், ஸ்டீயரிங் இணைப்பின் ஒரு பக்கத்தைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தொல்லைக்கு நான் முதலில் சந்தேகிப்பது ஐட்லர் ஆர்மைத்தான். அசல் ஐட்லர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷில் திரும்புவது. அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால் ஸ்டீயரிங் இணைப்பின் ஒரு பக்கம் மேலும் கீழும் ஆடும், அதனால் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையைப் பார்க்காது. பேரிங் வைத்த ஐட்லர் ஆர்ம் போட்டால் அந்த ஆட்டம் நிற்கும். அதற்குப் பின்னும் இழுத்தால்தான், டை ராடும் கைகளும் வெவ்வேறு வட்டப்பாதையில் அசைவதால் வரும் பம்ப் ஸ்டீயர் என்று கொண்டு அதை அளந்து திருத்தவேண்டும்.

அடுத்து ஸ்பிரிங். இந்த வண்டியில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல், மேல் கையின் ஏறத்தாழப் பாதி நீளத்தில் அமர்ந்திருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, அதன் கெட்டித்தன்மையில் சுமார் கால் பங்குதான் சக்கரத்தில் உணரப்படும். அதாவது அங்குலத்துக்கு 600 பவுண்டு என்று விற்கப்படும் ஸ்பிரிங் சக்கரத்தில் 150 பவுண்டு அளவுக்கே வேலை செய்யும். எனவே விளம்பரத்தில் உள்ள எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். தெருவில் ஓட்டும் காருக்கு மிதமாகக் கெட்டியான, ஓர் அங்குலம் தாழ்ந்த ஸ்பிரிங் போதும். ஸ்பிரிங் அமரும் இருக்கையில் ரப்பருக்குப் பதிலாக ரோலர் பேரிங் வைத்த வகை கிடைக்கிறது. கை தடையின்றி அசைவதால் சிறு மேடுகளின் அதிர்ச்சி வெகுவாகக் குறையும். ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை உரிய அழுத்தும் கருவி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அழுத்தப்பட்ட அந்தச் சுருள் நழுவினால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும்.

வண்டி சாய்வதைக் குறைக்கும் வேலையை ஸ்பிரிங்கைவிட, இரு பக்கச் சக்கரங்களையும் பிணைக்கும் கம்பியான முன்பக்கத்து ஆன்டி-ரோல் பாரிடம் கொடுப்பது நல்லது. அந்தக் கம்பியின் கெட்டித்தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்கிறது. முக்கால் அங்குலக் கம்பிக்குப் பதிலாக ஓர் அங்குலக் கம்பி போட்டால் அது மூன்று மடங்குக்கும் மேல் கெட்டியாகும். நேர்ச்சாலையில் பயணச் சுகம் அதிகம் கெடாது. ஜிடி350இலும் ஓர் அங்குலக் கம்பிதான் இருந்தது. அதோடு கோனி நிறுவனத்தின் சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பர்களும் இருந்தன. பின்பக்கம் தனியாக ஒரு பார் போடும் யோசனையைத் தள்ளி வையுங்கள். அது முன்பக்கம் தள்ளுவதைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் திடீரென வழுக்கும் ஆபத்தையும் சேர்த்துக் கொண்டுவரும்.

உங்கள் கூப்பேயின் உடலே ஃபிரேமாகவும் இருக்கிறது. முன் தண்டவாளங்களும் பின் தண்டவாளங்களும் நடுவில் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. அவற்றை இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர்களை வெல்டிங் செய்து பொருத்துவதும், இரண்டு டவர்களையும் பின்னால் உள்ள தடுப்புச் சுவரோடு பிணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸையும் டவருக்கு டவர் குறுக்கே செல்லும் மான்டே கார்லோ பாரையும் போடுவதும் பணத்துக்கேற்ற வேலைகள். தாங்கிப் பிடிக்கும் உடல் முறுக்கிக்கொண்டே இருந்தால், விலையுயர்ந்த ஷாக் அப்சார்பருக்கு அங்கே வேலையே இல்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் தொய்ந்திருந்தால் நாலரை அல்லது ஐந்து பட்டை கொண்ட புதிய கட்டுகளைப் போடுங்கள்.

பாலியூரிதேன் புஷ்களைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. ரப்பரைவிடக் கெட்டியானது என்பதற்காக எல்லா இடங்களிலும் அதைத் திணிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆன்டி-ரோல் பாருக்கு அது நல்லது. ஆனால் கீழ்க் கையை முன்னோக்கிப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் ராடுக்கு அதைப் போடாதீர்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தத் தண்டின் முனை சற்றுக் கோணம் மாற வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கிறது, பாலியூரிதேன் கொடுப்பதில்லை. புஷ் வளையாததால் தண்டு வளைகிறது. நாளடைவில் திருகுமரை தொடங்கும் இடத்தில் முறிகிறது. ஓடும் காரில் அது முறிந்தால் சக்கரம் பின்னோக்கிப் போய்விடும், பிரேக் பிடிக்கும்போது முறிந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. ரப்பரே வேண்டாமென்றால் உருண்டை மூட்டு கொண்ட ஸ்ட்ரட் ராடு வாங்குங்கள்.

மஸ்டாங்-2 வகை முன்பக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1974 முதல் 1978 வரை விற்ற ஒரு சிறிய காரின் அமைப்பைத் தழுவியது அது. டவர்களை வெட்டி எடுப்பதால் இன்ஜின் அறையில் தாராளமான இடம் கிடைக்கும். அகலமான நவீன இன்ஜின் ஒன்றை ஏற்றப் போகிறவருக்கு அது பயன்படும். உங்களிடம் இருப்பது 289. அது இருக்கும் இடத்திலேயே நன்றாகப் பொருந்துகிறது. வண்டியின் முன்பாதியைத் தாங்கும் டவர்களை வெட்டிவிட்டு, வளைவில் நன்றாக ஓடவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கேள்வி: அவ்வளவு வசதி படைத்த நாட்டில், அவ்வளவு பெரிய நிறுவனங்கள் உருவாக்கிய கார்கள் வளைவில் மட்டும் இப்படித் தடுமாறியது ஏன்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அவற்றை வாங்கியவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். 1964இல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது அதன் கவர்ச்சி நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல இன்ஜின் என்பதில்தான் இருந்தது. சிக்னலில் இருந்து சிக்னலுக்கு, கால் மைல் தூரத்தில் யார் முந்துவது என்பதே போட்டி. டெட்ராய்ட்டின் வுட்வர்டு அவென்யூ போன்ற அகன்ற நேர்ச்சாலைகளில் அது அன்றாடம் நடந்தது. இன்ஜினைப் பெரிதாக்குவது மலிவு, சஸ்பென்ஷனை மறுபடி வடிவமைப்பது செலவு. ஆகவே குடும்பக் காரின் அடிப்பாகமே தொடர்ந்தது. நூலிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகையான அன்றைய பயாஸ்-பிளை டயர்களின் பிடிமானமும் குறைவு என்பதால், சஸ்பென்ஷனின் குறை பாதிக்குமேல் வெளியே தெரியாமலே போயிற்று. ஆனால் அந்த அமைப்பைச் சீர்செய்யவே முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயங்கள் வளைவுகள் நிறைந்த லைம் ராக், லகூனா செக்கா போன்ற தடங்களில் நடந்தவை. அவற்றில் பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை இரும்பு ஆக்சிலும் கொண்ட மஸ்டாங்குகளும் கமாரோக்களும் பட்டம் வென்றன.

கேள்வி: 1967 கமாரோ வைத்திருக்கிறேன். வேகமாகக் கிளப்பினால் பின் ஆக்சில் துள்ளித் துள்ளி அடிக்கிறது. நான்கு பக்கமும் காயில்-ஓவர் போட்டுவிட்டால் இந்தத் துள்ளலும் வளைவில் உள்ள குறையும் ஒரே செலவில் தீருமா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: துள்ளலுக்குக் காரணம் உங்கள் வண்டி பிறந்த ஆண்டிலேயே இருக்கிறது. 1967 கமாரோவுக்குப் பின்பக்கம் ஒரே ஒரு பட்டை கொண்ட ஸ்பிரிங். இரண்டு ஷாக் அப்சார்பர்களும் ஆக்சிலின் ஒரே பக்கத்தில் இருந்தன. இன்ஜினின் முறுக்கு விசை ஆக்சிலையே சுழற்றப் பார்க்கிறது. பட்டை ஆங்கில எழுத்து எஸ் போல நெளிந்து, விசை விட்டதும் திரும்ப நிமிர்கிறது. அடுத்த ஆண்டே ஷெவ்ரொலே ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தது. சக்திவாய்ந்த மாடல்களுக்குப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங்கும் கொடுத்தது. நீங்கள் செய்யவேண்டியதும் அதுவே: நல்ல பலபட்டை ஸ்பிரிங், அதனுடன் தரமான ஷாக்.

காயில்-ஓவரில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டாக இருப்பதால் உயரத்தைத் திருகியே மாற்றலாம். ஆனால் பின்பக்கம் ஷாக் மாட்டியிருக்கும் தகடு, ஷாக்கின் இழுப்பைத் தாங்க மட்டுமே செய்யப்பட்டது. காரின் எடையை அதன்மேல் ஏற்றினால் அது கிழியும். குறுக்கு விட்டம் வைத்து வலுப்படுத்தி, ஆக்சிலை நிலைநிறுத்தத் தனிக் கைகளும் வைக்கவேண்டும். அதற்குப் பிறகு அது கிட்டத்தட்ட வேறொரு கார், செலவும் அதற்கேற்றதுதான்.

முன்பக்கத்தில் உங்களுக்கும் மஸ்டாங்காரரின் நோய்தான்: சக்கரம் மேலெழும்போது தவறான பக்கம் சாய்கிறது. பந்தய வீரர் டிக் குல்ஸ்ட்ராண்ட் பெயரால் அறியப்படும் மாற்றம், மேல் கையின் இணைப்பை இடம் மாற்றி இதைத் திருத்துகிறது. வெட்டவும் வெல்டிங் செய்யவும் மனமில்லாதவர்கள் உயரமான பால் ஜாயிண்ட்டும் அதற்கேற்ற மேல் கைகளும் போட்டு ஏறத்தாழ அதே பலனைப் பெறுகிறார்கள். பளபளக்கும் குழாய்க் கைகளை வாங்கும்போது, அவை இணைப்பின் கோணத்தை மாற்றுகின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். மாற்றாவிட்டால் அவை கண்ணுக்கு அழகு, அவ்வளவே. கமாரோவின் முன் சப்ஃபிரேம் ரப்பர் தாங்கிகள் வழியாகத்தான் உடலோடு போல்ட் போட்டு இணைந்திருக்கிறது. அரை நூற்றாண்டு பழைய அந்த ரப்பர்களை மாற்றாமல் மற்ற எதையும் தொடுவதில் பயனில்லை.

கேள்வி: என் 1970 டாட்ஜ் சாலஞ்சரில் முன்பக்கம் ஸ்பிரிங்கே இல்லையே, டார்ஷன் பார்தான் இருக்கிறது. அதில் உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் கார் தாழ்கிறது. அப்படியே தாழ்த்தி ஓட்டினால் வளைவில் நன்றாகப் போகும் என்கிறார் என் மைத்துனர். சரியா?
— ஒரு வாசகர், டொராண்டோ, கனடா

பதில்: பார்வைக்கு நன்றாக இருக்கும், ஓட்டத்துக்கு ஆகாது. முறுக்கப்படும் நீண்ட இரும்புத் தண்டுதான் இந்தக் காரின் ஸ்பிரிங். போல்ட்டைத் தளர்த்துவதால் தண்டு கெட்டியாவதில்லை, சக்கரம் மேலெழ இருக்கும் இடம் மட்டும் குறைகிறது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் கை ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் டயர் பிடியை விடும். தாழ்த்த விரும்பினால் தடிமனான தண்டு போட்டுவிட்டுத் தாழ்த்துங்கள். முறுக்கு விறைப்பும் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 0.87 அங்குலத் தண்டுக்குப் பதிலாக ஓர் அங்குலத் தண்டு போட்டால் சுமார் 75 விழுக்காடு கெட்டியாகும். தெருவில் ஓட்ட அது தாராளம். தண்டுகளில் இடது, வலது என்று குறியிருக்கும், மாற்றிப் போடக்கூடாது. கழற்றும்போது பற்களுள்ள இடுக்கியால் தண்டைக் கவ்வாதீர்கள். மேற்பரப்பில் விழும் சிறு கீறலே பிற்காலத்தில் முறிவுக்கு வித்தாகும்.

உங்கள் வண்டியின் பின்பக்கத்தைக் கிரைஸ்லர் பொறியாளர்கள் நன்றாகவே யோசித்திருந்தார்கள். ஆக்சில், பட்டையின் நடுவில் இல்லாமல் முன்னே தள்ளி அமர்ந்திருப்பதால், குட்டையான முன்பாதியே முறுக்கைத் தாங்கிக்கொள்கிறது. தொய்வு இல்லாவிட்டால் அங்கே கைவைக்க அவசியமில்லை.

கேள்வி: சஸ்பென்ஷன் வேலை முழுதும் முடிந்து ரேடியல் டயரும் போட்டாயிற்று. அலைன்மென்ட் கடையில் 1966ஆம் ஆண்டின் தொழிற்சாலை அளவுகளையே வைத்துக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் கார் அலைகிறதே?
— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அந்த அளவுகள் அக்காலத்துப் பயாஸ்-பிளை டயருக்கும், பவர் ஸ்டீயரிங் இல்லாமலே எளிதாகத் திருப்பவேண்டும் என்ற எண்ணத்துக்கும் ஏற்ப வகுக்கப்பட்டவை, ரேடியலுக்குப் பொருந்தாதவை. தெருவில் ஓட்டும் காருக்கு கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) மைனஸ் அரை முதல் மைனஸ் ஒரு டிகிரி, கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) பிளஸ் இரண்டரை முதல் நான்கு டிகிரி, டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மொத்தத்தில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், இந்த அளவுகளைத்தான் வைக்கவேண்டும் என்று சொல்லுங்கள். நேராக ஓடும் குணத்தைத் தருவது கேஸ்டர். ஆகவே மற்ற இரண்டில் விட்டுக்கொடுத்தாலும் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங் இல்லையென்றால் பார்க்கிங்கில் கை சற்று வலிக்கும்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கியபோது கார் தரையில் நின்றதா, லிஃப்டில் தொங்கியதா? சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; உயரமும் தவறாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அப்படி நடந்திருந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி, எடை முழுதும் சக்கரத்தில் இருக்கும்போது மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு மைல்களில் சற்று அமரும் என்பதால், அதன் பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்கவேண்டியிருக்கும். அந்தக் கட்டணத்தை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.